டில்லிபாபு பொத்தானை அமுக்கினான்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் என்னென்ன செய்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் சொல்லப் போவதில்லை. இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற எங்கள் பிரஸ் ஷாப்பில் தகடு தானாகச் சறுக்கிக்கொண்டு கைக்கு வந்து சேரும் சாய்வுப் பலகை நான் அடித்தது. அதற்கு முன்னால் குனிந்து குனிந்து தூக்கியே பல பேருக்கு இடுப்பு போனது. கழிவுத் தகடு விழும் குழிக்கு மூடி போட்டவன் நான். காதைக் கிழிக்கிற சத்தத்தில் வாயைத் திறக்காமலே வேலை நடக்க நாற்பது கைச்சாடைகள் இருந்தன. அதில் முப்பது என்னுடையது. பூந்தமல்லிக்குப் பின்னால் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட கையோடு அம்பத்தூருக்கு வந்தேன். பிள்ளைகள் இரண்டு பேரை இன்ஜினீயர் ஆக்கினேன். திருமுல்லைவாயிலில் மழைத் தண்ணீர் ஏறாத அளவுக்கு மேடேற்றி மாடி வீடு கட்டினேன். பெரிய பிரஸ்ஸின் நெற்றியில் எரிகிறதே பச்சை விளக்கு, அதைப் போட்டவனும் நான்தான்.

அந்த விளக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

கம்பெனியில் இந்த வருடம் சிறப்பு மலர் போடுகிறார்கள். அந்த வேலையைப் பார்ப்பவர் பாதுகாப்பு அதிகாரி கவிதா. மதுரைப் பக்கத்துப் பெண், ஆவடியில் ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறார். நல்ல பெண். எனக்குக் காது கேட்காது என்று தெரிந்து போன் செய்யாமல் வாட்ஸ்அப்பில் எழுதினார். "ஐயா, அந்தக் காலத்து அனுபவத்தை ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இப்ப இருக்கிற பசங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க." கூடவே, மலரில் வரப்போகும் வேறொரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் இரண்டு வரி: "முற்காலத்தில் பெரிய பிரஸ்ஸில் தொழிலாளர் ஒருவரின் கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து நிர்வாகம் பச்சை விளக்கு முறையை அறிமுகப்படுத்தியது."

நான் மெதுவாகப் படிக்கிறவன். அந்த இரண்டு வரியை ஒரு காலைப்பொழுது முழுக்கப் படித்தேன். இரண்டு வரியிலும் பொய் இருக்கிறது. இரண்டாவது வரியின் பொய் என் பெயரை அழித்தது. முதல் வரியின் பொய்யை உண்டாக்கியவன் நான்.

காதைப் பற்றிச் சொன்னேன். இடது காது முழுசாகப் போயிற்று, வலது காது முக்கால்வாசி. மகன் வாங்கித் தந்த காது மெஷினை மாட்டினால் தட்டில் கரண்டி படுவது பிரஸ் அடிப்பது போல விழுகிறது. மனுஷப் பேச்சு மட்டும் விழுவதில்லை. அது அலமாரியில் கிடக்கிறது. ஆகவே என் வீட்டில் எல்லாரும் என்னோடு போனில்தான் பேசுகிறார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். பத்தடி தள்ளிச் சமையலறையிலிருந்து மருமகள் "சாப்பிட வாங்க மாமா" என்று அனுப்புவாள். சட்டைப் பையில் போன் நடுங்கும். எழுந்து போவேன். குறை சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் காது கம்பெனியில் போனது. அப்போதெல்லாம் பஞ்சு வைத்துக்கொள்வோம். எண்ணெய்த் துணியைக் கிழித்துச் சுருட்டி வைத்தவர்களும் உண்டு. ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனால் நான் பேசுவது தெருக்கோடி வரை கேட்கும். என் மனைவி சரோஜா கையால் வாயைப் பொத்துவாள். "இன்னா, ஊட்டுல பிரஸ்ஸா ஓடிக்கினு கீது? மெதுவா பேசு. கொழந்த எழுந்துக்கப் போவுது."

நான் வேலை கற்ற இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துடைத்தேன், தூக்கினேன், திட்டு வாங்கினேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் வருடம் பெரிய பிரஸ்ஸின் முன் ஆள் ஆனேன்.

பெரிய பிரஸ்ஸுக்கு இரண்டு ஆள் வேண்டும். முன்னால் நிற்பவன் தகட்டை அச்சில் வைத்துக் கால் பெடலை மிதிப்பான். மேலிருந்து பாரம் இறங்கும், தகடு டிராக்டர் மட்கார்டாக வளையும். பின்னால் நிற்பவன் அதைக் கொக்கியால் இழுத்து எடுப்பான். நடுவில் மெஷினே சுவர் மாதிரி நிற்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. கத்தினாலும் கேட்காது. சாதாரணமாக ஒரு கதியில் ஓடும்: வை, மிதி, இழு. ஆனால் சில தகடு அச்சில் ஒட்டிக்கொள்ளும். கொக்கிக்கு வராது. பின் ஆள் கையை உள்ளே விட்டுத்தான் நெம்ப வேண்டும். கையை விடக் கூடாது என்று போர்டு இருந்தது. போர்டைப் பார்த்துக்கொண்டே எல்லாரும் கையை விட்டார்கள்.

கை உள்ளே இருப்பது முன் ஆளுக்கு எப்படித் தெரியும்? தட்டு. பின் ஆள் ஸ்பானரால் மெஷின் உடம்பில் ஒரு தட்டு தட்டினால், என் கை உள்ளே, அடிக்காதே. இரண்டு தட்டு தட்டினால், கை வெளியே, அடி. சத்தம் காதுக்கு வராது. நான் இடது உள்ளங்கையை மெஷின் மேல் வைத்திருப்பேன். தட்டு கைக்கு வரும்.

எனக்குப் பின் ஆள் டில்லிபாபு. திருவேற்காட்டுக்காரன், என்னை விட இரண்டு வயது சின்னவன், நான்கு மடங்கு வாய். ஆறு வருடம் அவன் முகத்தைப் பார்க்காமலே அவனோடு வேலை செய்தேன். தட்டிலேயே அவனைத் தெரியும். கோபமாக இருந்தால் தட்டு குத்தும். சாப்பாட்டுக்கு அப்புறம் தூக்கம் வந்தால் இரண்டாவது தட்டு தள்ளி வரும். நான் உடனே பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய் முகத்தில் தண்ணீர் தெளிப்பேன். "மாமே, எப்பட்றா கண்டுபுடிச்ச?" என்பான் வாயசைப்பில்.

எங்கள் மேலாளர் பரந்தாமன் சார். இப்போது அவர் இல்லை. மற்ற அதிகாரிகள் காதோரம் வந்து எச்சில் தெறிக்கக் கத்துவார்கள். பரந்தாமன் சார் ஒரு நாளும் கத்தியதில்லை. எங்களையெல்லாம் "நீங்க" என்றுதான் சொல்வார். வேலை செய்கிறவனைப் பின்னாலிருந்து தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். யாராயிருந்தாலும் சுற்றி வந்து அவன் கண்ணில் படுகிற இடத்தில் நிற்க வேண்டும். பாரம் மேலே போய் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு விரலைத் தூக்க வேண்டும். அவன் பெடலிலிருந்து காலை எடுத்துத் தலையாட்டிய பிறகுதான் கிட்டே போகலாம். தோளைத் தட்டிக் கூப்பிட்ட ஒரு சூப்பர்வைசரை அவர் மூன்று நாள் கழிவுத் தகடு பொறுக்க விட்டார். பரந்தாமன் சாரும் அப்படியே காத்திருப்பார். முதலாளி வந்து நின்றாலும் அவரையும் காக்க வைப்பார்.

சொல்ல வேண்டியதைச் சாக்பீஸால் மெஷின் பக்கவாட்டில் எழுதுவார். எனக்குச் சரியாகப் படிக்க வராது என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார். என்னிடம் மட்டும் இரண்டிரண்டு வார்த்தையாக, பெரிய எழுத்தில் எழுதுவார். நான் தலையாட்டியதும் உள்ளங்கையால் அழித்துவிட்டு அடுத்த இரண்டு. நான் தமிழ் படிக்கக் கற்றது அந்த மெஷின் மேல்தான். இன்றைக்கு இதை எழுதுகிறேன் என்றால் அந்தச் சாக்பீஸ்தான்.

அவர் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஆகவே "மேலாளர் வருகிறார்" என்பதற்கு எங்கள் சாடை, நெஞ்சுப் பையை இரண்டு விரலால் தொடுவது. அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் கதவைத் திறந்து உள்ளே வந்தவர், தன் பையைத் தானே இரண்டு விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே நடந்து வந்தார். டில்லி விழுந்து விழுந்து சிரித்தான். அன்றைக்கு கேன்டீனில், "மாமே, சாரு வர்றாருன்னு சாரே சொல்லிகினு வர்றாரு! நமக்கு இன்னா வேலை இனிமே?" என்று நடித்துக் காட்டினான்.

அப்புறம் எங்களுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிரஸ் இறங்கியது. எங்களுடையதை விடப் பெரியது. அது அடித்தால் தரை அதிரும். என் உள்ளங்கைக்கு எல்லாமே தட்டாக வந்தது. டில்லி தட்டியதா, பக்கத்து மெஷின் தட்டியதா? இரண்டு தடவை நூலிழையில் தப்பித்தான். நான் யோசித்தேன். கை குழம்புகிறது, அந்தச் சத்தத்தில் காது ஏற்கெனவே இல்லை, மிச்சம் இருப்பது கண். வீட்டு வாசலில் வைக்கிற காலிங் பெல் பொத்தான் ஒன்றை வாங்கினேன். அதை டில்லி பக்கம் இடது கைக்கு எட்டும்படி பொருத்தினேன். ஒயரை மெஷினைச் சுற்றி இழுத்து என் கண்ணுக்கு நேரே ஒரு சிவப்புப் பல்பு. அவன் வலது கை உள்ளே இருக்கும்வரை இடது கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பான். பல்பு எரியும். எரிந்தால் நில். கையை எடுத்ததும் விடுவான். அணையும். அடி.

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த இன்ஜினீயரும் கிட்டே வரவில்லை. நான் செய்தேன். பரந்தாமன் சார் வந்து பார்த்தார், பொத்தானை அமுக்கினார், விட்டார், அமுக்கினார். மெஷினில் எழுதினார்: "ரொம்ப நல்லது." அதை அழிக்காமலே போனார். வெளியிலிருந்து வந்தவர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினார். நான் மூன்று வாரம் தரையில் நடக்கவில்லை.

ஒரே ஒரு தொல்லை. மெஷின் அதிர்ச்சியில் பல்புக்குள் இருக்கும் கம்பி அடிக்கடி அறுந்துபோகும். ஆகவே தினமும் ஷிப்டு ஆரம்பத்தில் டில்லி அமுக்குவான், நான் பார்ப்பேன். எரியாவிட்டால் மாற்றுவேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு புதுப் பல்பு வைத்திருந்தேன். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அவருக்குப் பேனா மாதிரி.

அன்றைக்குக் காலையிலும் பார்த்தோம். எரிந்தது. பத்து மணி டீ முடிந்து வந்து ஓட்டினோம். ஒரு தகடு வைத்தேன், பல்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது, மிதித்தேன். பாரம் இறங்கி ஏறியது. அடுத்த தகட்டைக் கையில் எடுத்தேன். எதிர் மெஷின்காரன் இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே போட்டு என்னைப் பார்த்து நின்றான். எல்லாவற்றையும் நிறுத்து என்ற சாடை. அதைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஆட்கள் ஓடினார்கள். எல்லார் வாயும் திறந்திருந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டில்லி எவ்வளவு சத்தமாகக் கத்தினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் போயின.

அவனை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லா மெஷினையும் நிறுத்தினார்கள். கூட்டமெல்லாம் வேன் பின்னால் போயிற்று. நான் மட்டும் என் இடத்தில் நின்றேன். பல்பைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. டீக்கு அப்புறம் எப்போதோ போயிருக்கிறது. அதைப் பையில் போட்டேன். பையிலிருந்த புதுப் பல்பை மாட்டினேன்.

கை பழக்கத்தில் மாற்றிவிட்டது என்றுதான் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று எழுதினால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள், பிள்ளைகுட்டிக்காரன் பாவம் என்று. அதுவும் இல்லை. நான் செய்த சாமானில் ஓட்டை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவ்வளவுதான் அந்த நிமிஷம் என் மண்டையில் இருந்தது.

மதியம் மூன்று அதிகாரிகள் வந்தார்கள். பொத்தானை மூன்று தடவை அமுக்கினார்கள். மூன்று தடவையும் பல்பு பளிச்சென்று எரிந்தது. என்னைக் கேட்டார்கள்.

"நீ மிதிக்கும்போது பல்பு எரிஞ்சுதா?"

"எரியல சார்."

உண்மையைத்தான் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்: பொத்தானை அமுக்காமல் கையை விட்டிருக்கிறான், தொழிலாளியின் கவனக்குறைவு.

அவர்கள் போன பிறகு பரந்தாமன் சார் வந்தார். மெஷின் ஓடவில்லை, ஷாப் முழுக்க அமைதி, வாயாலேயே கேட்டிருக்கலாம். அவர் சாக்பீஸை எடுத்தார். "பல்பை மாற்றினீர்களா?" என்று எழுதினார். இரண்டே வார்த்தை. அதற்குள் எனக்கு அதைவிட நீளமாகவே படிக்க வந்துவிட்டது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பது போல நேரம் எடுத்துக்கொண்டேன். இல்லை என்று தலையாட்டினேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். பல்பு உருண்டையாகத் தெரிந்திருக்கும். உள்ளங்கையால் அழித்துவிட்டுப் போய்விட்டார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. ஆள் மேல் தப்பு என்றால் அடுத்த நாளே மெஷினை ஓட்டலாம், சாமான் மேல் தப்பு என்றால் முடியாது. அதை அவரும் நினைத்தாரா? என் எழுத்தறிவு அவர் போட்ட பிச்சை, அதனால் அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நான்காம் நாள் கமலாப்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், நான் அமுக்கினேன்டா. என் ஆத்தா மேல சத்தியமா அமுக்கினேன். உனுக்கு எரியலியா?"

"எரியலடா."

"அவனுங்க அமுக்குனா எரியுதாமே?"

நான் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பழத்தை அவ்வளவு நேரம் உரிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"படுத்துகினு இத்தையேதான் யோசிச்சிகினு கீறேன். எரிஞ்சா நில்லுன்னு வச்ச. எரிய முடியாம போச்சுன்னா? ஒயரு அறுந்துகினா? பல்பு பூட்டா? நீ அடிப்ப. அதுக்குப் பதிலு எப்பவும் எரியட்டும். நான் அமுக்குனா அணையட்டும். அணைஞ்சா நில்லு. பல்பு பூட்டாலும் நிப்ப, கரண்டு பூட்டாலும் நிப்ப. நீ அப்டி வச்சிருந்தீன்னா இந்தக் கையால உன் கமலாப்பழத்தை நானே உரிச்சிருப்பேன், கஸ்மாலம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். பழத்தை ஊட்டிவிட்டேன்.

பச்சை விளக்கு அதுதான். அடுத்த வாரம் நான் செய்தேன். பொத்தானைத் திருப்பி வைத்தேன்: அமுக்கினால் மின்சாரம் அறுகிற மாதிரி. சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சை வைத்தேன். பச்சை எரிகிற வரைதான் பெடலில் கால். இருட்டானால், காரணம் எதுவாக இருந்தாலும், நில். முதல் மாதத்தில் பல்பு போய்ப் போய் மெஷின் நின்றது. சூப்பர்வைசர்கள் குதித்தார்கள். "நிக்கட்டும்" என்றார் பரந்தாமன் சார். அதற்கப்புறம் நான் வேலையை விடும் வரை அந்த மெஷினில் ஒரு நகம்கூடப் போகவில்லை. பக்கத்து மெஷின்களுக்கும் வைத்தார்கள். எங்களைப் பார்த்து வேறு கம்பெனிகளிலும் வைத்தார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்து சார்ஜ்மேன் ஆனேன்.

டில்லி ஸ்டோருக்குப் போனான். அவனுக்குப் பெயர் "பொத்தான்" என்று ஆனது. வேலை விட்டுப் போகும் வரை அதே பெயர். புதிதாக வந்தவர்களுக்கு அவன் சொந்தப் பெயரே தெரியாது.

"இன்னா பொத்தான் அண்ணாத்தே, லிஃப்டுல ஏறுனா நீயே அமுக்குவியா, இல்ல கூட ஒரு ஆளு வரணுமா?"

"உங்க ஊட்டு காலிங் பெல்ல வந்து அமுக்குறேன், இரு. உங்கப்பன் வந்து தொறப்பான்" என்பான். கேன்டீனே சிரிக்கும். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பேன். அதற்குள் என் காது மந்தமாகத் தொடங்கியிருந்தது, கேட்காதது போல இருக்க வசதியாக இருந்தது.

ஒரு தடவை திருவேற்காடு கோயில் வாசலில் அவன் மனைவி தனம் என்னை நிறுத்தினாள். "அண்ணா, அவரு தூங்கக்குள்ள இடது கை கட்டைவெரலால பாயை அமுக்கிகினே கீறாரு. கேட்டா இல்லன்றாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்கண்ணா." நான் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

போன வருடம் கவிதா ஓய்வு பெற்ற எங்களைக் கூப்பிட்டு ஷாப்பைச் சுற்றிக் காட்டினார். இப்போது மெஷினுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித் திரை இருக்கிறது. கை குறுக்கே போனாலே பாரம் நின்றுவிடும். எல்லார் காதிலும் பெரிய மூடி, அதற்குள்ளேயே பேசிக்கொள்கிறார்கள். யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. நல்லது. எனக்கு அதில் வருத்தமில்லை. பத்து விரலோடு வீட்டுக்குப் போகிறார்கள். பச்சை விளக்கு மட்டும் இன்னும் எரிகிறது. ஏன் எரிகிறது என்று ஒரு பையனைக் கேட்டேன். "அது ஆரம்பத்துலேர்ந்தே இருக்கு சார்" என்று போனில் எழுதிக் காட்டினான்.

மலரின் அந்த இரண்டு வரியைப் படித்த பிறகு, நடந்ததை முழுசாக எழுதப்போகிறேன் என்று கவிதாவுக்கு எழுதினேன். பதில் வந்தது: "ஐயா, விபத்துப் பகுதி வேண்டாமே. மேல ஒத்துக்க மாட்டாங்க. அந்தக் கைச்சாடைகளைப் பத்தி எழுதுங்க, அழகா இருக்கும்." அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியாது.

டில்லியைக் குமணன்சாவடி டீக்கடைக்கு வரச் சொன்னேன். அவன் வீட்டுக்குப் பக்கம் அது. ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். சர்க்கரை வியாதி, இளைத்துவிட்டான். வாய் இளைக்கவில்லை என்பது உதடு ஆடுவதிலேயே தெரிந்தது. அந்த இரண்டு வரியைக் காட்டினேன். படித்தான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பழகிப்போன வரி.

நான் பையிலிருந்து அந்தப் பல்பை எடுத்து மேசையில் வைத்தேன். சிவப்பு. இத்தனை வருடம் ஒரு பழைய டப்பாவில் ஸ்குரூகளோடு கிடந்தது. ஏன் எறியவில்லை என்று எனக்குத் தெரியாது.

டில்லி அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மூன்று விரல் கையால் எடுத்து, காதோரம் கொண்டுபோய் ஆட்டினான். உள்ளே அறுந்த கம்பி கண்ணாடியில் படும் சத்தம். எனக்கு அது கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது. திரும்ப ஆட்டினான். அப்புறம் இன்னொரு தடவை.

பேச ஆரம்பித்தான். நிறையப் பேசினான். டீ ஆற்றுகிறவர் திரும்பிப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். ஊருக்கே கேட்டது, எனக்கு மட்டும் இல்லை. பேசுவதை எழுத்தாக்கும் வசதி என் போனில் இருக்கிறது. அதை அவன் முன்னால் வைத்தேன். அவன் பேச்சு அதற்குப் புரியவில்லை. திரையில் என்னென்னவோ ஓடியது. அவன் போனைத் திட்டினான், திட்டியதும் தப்பாகவே விழுந்தது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து சொன்னான். டில்லி வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. திரையில் ஒரு எழுத்துப் பிசகாமல் விழுந்தது:

"நான் பொத்தானை அமுக்கினேன் என்று எழுது."

எழுதுகிறேன் என்று தலையாட்டினேன். அவன் என் இடது கையைப் பிடித்து உள்ளங்கையை மேசைமேல் அழுத்தி வைத்தான். பக்கத்தில் விரல் முட்டியால் தட்டினான். ஒரு தட்டு: கை இன்னும் உள்ளே.

இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தேன். அவன் எழுந்து ஷேர் ஆட்டோவுக்குப் போய்விட்டான்.

கவிதா அம்மா, இப்போது உங்களுக்கும் நிர்வாகத்துக்கும் சொல்கிறேன். நாற்பது சாடைகளைப் பற்றி நீங்கள் அழகாகவே எழுதிக்கொள்ளுங்கள், என் பெயர் அதில் வேண்டாம். சாய்வுப் பலகையும் குழி மூடியும்கூட நிர்வாகமே செய்ததாக இருக்கட்டும். அந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்: டில்லிபாபு பொத்தானை அமுக்கினான். சிவப்பு விளக்கைச் செய்து, அது கெட்டதும் யாருக்கும் தெரியாமல் மாற்றியவன் ஏகாம்பரம். அணைந்தால் நில் என்று சொன்னவன் டில்லிபாபு. அதைக் கேட்டுப் பச்சை விளக்கைச் செய்தவன் ஏகாம்பரம். அதில் என் பெயர் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்றை வைத்து ஒன்றை எடுக்கக் கூடாது. இரண்டும் நான் செய்தது, இரண்டும் என் பெயரில் வர வேண்டும்.

அச்சானதும் எனக்கு ஒரு பிரதி கொடுங்கள். திருவேற்காட்டுக்கு நானே எடுத்துப்போய் அவன் வீட்டு மேசையில் வைப்பேன். பக்கத்தில் என் இடது உள்ளங்கையையும் வைப்பேன்.